நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

அந்த பாட்டிலை ஜன்னல் வழியாகப் போட்டுவிடாதீங்கம்மா. இங்கே கொடுங்க, நான் வைத்துக்கொள்கிறேன். இல்லை, எனக்குத் தாகமில்லை. காலி பாட்டில்தான் வேணும். மூடியையும் சேர்த்துக் கொடுங்க. மூடி இருந்தால்தான் அவளுக்கு ஆகும்.

எவளுக்கு என்று கேட்கிறீங்க. வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது. சொல்கிறேன். திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறதே.

என் பேர் தங்கபுஷ்பம். ஊர் ஆறுதல்புரம், நான் ஏறினேனே அந்த நிறுத்தம்தான். எட்டாவது வரை படித்தேன். மகன் பெங்களூரில், மகள் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்து உட்கார்ந்தால் இரண்டு பேரும் போன் பண்ணுவார்கள், ஆளுக்குப் பத்து நிமிஷம். எனக்கு அது போதும். நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. யார் மேலேயும் பொறாமை, எரிச்சல், அதெல்லாமும் கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நிற்கிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏன் என்றால் கேட்கிறவர்கள் சில சமயம் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்க வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டார்.

மடியில் இருக்கிற இந்தக் கவருக்குள் ஒரு போட்டோ. சட்டம் போடக் கொண்டு போகிறேன். அப்புறம் காட்டுகிறேன்.

அவள் என்றால் ஜெயசீலி. என் கொழுந்தன் பெண்டாட்டி, ஓரகத்தி. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் வைத்தார்கள், என் தலைக்கு மேல் இரண்டு சாண் இருக்கும். இந்தப் பக்கம் என் மகன் கட்டிய மாடி வீடு. அந்தப் பக்கம் ஓட்டு வீடு, நாலு ஆடு, ஏழெட்டுக் கோழி, ஒரு முருங்கை மரம், அவள். கொழுந்தன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், பகலில் வீட்டில் இருக்க மாட்டான். அவள் நல்லவள்தான். சிரிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி. துட்டி கேட்கப் போன சாவு வீட்டில்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

போன ஜனவரியில் பாஸ்டர் ஐயா கோவிலில் ஒரு அறிவிப்பு வாசித்தார். ஜெர்மனியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பதினோரு பேர் படிப்புப் பயணமாக வருகிறார்கள், மூன்று வாரம் நம் ஊரில் இருப்பார்கள், 'அன்றாட வாழ்வில் நிலைத்தகு வாழ்முறை' என்ற தலைப்பில் படிப்பார்கள் என்று. ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஐயாவே முகங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமில்ல. வீட்டுல பொருளை எப்படிப் புழங்குதோம், எதை வச்சிக்கிடுதோம், எதைத் தூரப் போடுதோம், அதைப் பார்த்து எழுதிட்டுப் போவாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு. கடைசி நாள் சபை மண்டபத்துல, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீட்டைப் பத்திப் படம் போட்டுப் பேசும். அந்த வீட்டு அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடும்."

மேடை. நான் அந்தச் சபைக்கு மருமகளாக வந்து முப்பத்தாறு வருஷம். பீடத்துக்குப் பூ வைத்திருக்கிறேன், பாய் விரித்திருக்கிறேன், எத்தனை கன்வென்ஷனுக்குக் காபி கலந்திருக்கிறேன். மேடைக்கு ஏறினதில்லை. ஏற வேண்டும் என்று ஆசையும் இல்லை. "ஆண்டவரே, உமக்குச் சித்தமானால்" என்றுதான் ஜெபித்தேன். மாடியில் குளியலறை சேர்ந்த அறை சும்மா கிடக்கிறது என்று பாஸ்டரம்மாவிடமும் இரண்டு தடவை சொல்லி வைத்தேன். சித்தமாகிவிட்டது.

ஜெயசீலி பேர் கொடுக்கவே இல்லை. "எங்க வீட்டுல வேண்டாம்க்கா. ஆடு தும்முனா அந்தப் பிள்ளை ராத்திரிப்பூரா பயந்துட்டுக் கெடக்கும்" என்று சிரித்தாள்.

இப்போது கேளுங்க. வெள்ளைக்காரப் பிள்ளை வந்து தங்கப் போகிறது. என் பின்கட்டு எப்படி இருந்தது தெரியுமா? பரண் நிறைய காலி ஹார்லிக்ஸ் பாட்டில். கொடியில் பால் கவரெல்லாம் கழுவிக் காயப் போட்டிருக்கும். விரிசல் விட்ட குடத்தில் கற்பூரவல்லி. பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நாரும் சாம்பலும். பழைய சேலை நாலை அடுக்கித் தைத்த விரிப்பு. அரிசி கழுவின தண்ணீருக்கு ஒரு சட்டி, துணி அலசின தண்ணீர் வாழைக்குப் போக ஒரு வாய்க்கால். இதையெல்லாம் ஒரு பிள்ளை படம் பிடித்து ஜெர்மனியில் காட்டினால் என் மானம் என்னத்துக்கு ஆகும்? மூன்று நாள் உட்கார்ந்து ஒழித்தேன். ஒழித்ததை எங்கே போட? சுவர் வழியாக ஜெயசீலியிடம் தள்ளினேன். "உனக்கு வேணும்னா வச்சிக்கோ, இல்லாட்டித் தூரப் போட்டிரு."

"இதையா தூரப் போடுதிய?" என்று ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டாள். கற்பூரவல்லிக் குடத்தைக்கூட.

அப்புறம் நான் கடைக்குப் போய்க் காகிதத் தட்டு, காகிதக் கப், டிஷ்யூ உருளை, வாசனை ஸ்ப்ரே, பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில், சிவப்புக் கலரில் புது பிளாஸ்டிக் வாளி இரண்டு, எல்லாம் வாங்கி வந்தேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. எங்க வீட்டுக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏளா, நான் எங்கே உட்காரணும்னு ஒரு சீட்டு எழுதி வச்சிரு" என்றார்.

பிள்ளை வந்தது. பேர் பிரீடா. எங்க சித்தி மகள் ஒருத்திக்கும் அதே பேர், அதனால் வாயில் உடனே வந்துவிட்டது. இருபத்தொரு வயசு, முகமெல்லாம் புள்ளி, நல்ல உயரம். ஆறு மாசம் உட்கார்ந்து தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். பேசினால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும். வாசலில் நின்று கை கூப்பி, "வணக்கம். நான் உங்களை அம்மா என்று அழைக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆண்ட்டின்னு சொல்லும்மா" என்றேன். அம்மா என்றால் பட்டிக்காடு மாதிரி இருக்குமே, ஆண்ட்டி என்றால் ஒரு மதிப்பு என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொண்டது. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

அவளிடம் ஒரு கொக்கித் தராசு இருந்தது. மீன்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி, கைக்குள் அடங்குகிற அளவு. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, "ஆண்ட்டி, இன்றைய குப்பையை நான் நிறுக்கலாமா?" என்பாள். பையைக் கொக்கியில் மாட்டுவாள், பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள். முதல் நாள் இரண்டு கிலோ முந்நூறு. எனக்கு ஒரே சந்தோஷம். வசதியான வீடு என்று தெரியட்டும், தரித்திரம் பிடித்த வீட்டில் என்ன குப்பை இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பலாப்பழம் வாங்கி அறுத்தேன். மூன்று கிலோ அறுநூறு. பிள்ளை முகம் ஒரு மாதிரி ஆனது. அசந்துவிட்டாள் என்று நினைத்தேன். கோவில் வாசலில் நாலு பேரிடம் சொன்னேன், எங்க வீட்டில் மூன்றரைக்குக் குறைவதில்லை என்று.

நாலாம் நாள் பாஸ்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். தனியாக என்றால், பக்கத்தில் ஆறு பேர் நின்றார்கள். "தங்கபுஷ்பம், குப்பை குறைஞ்சாத்தான் நல்ல வீடுன்னு அர்த்தம். உங்க வீட்டுலதான் சபையிலேயே கூடுதலாம். கொஞ்சம் பார்த்துக்கோங்க."

எனக்குக் காது ரெண்டும் சுட்டது.

வீட்டுக்கு வந்து பிரீடாவைத் தேடினால் ஆளைக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். என் பிரீடா, மாடியில் குளியலறையோடு அறை கொடுத்து நான் வைத்திருக்கிற பிள்ளை, ஜெயசீலி வீட்டு முற்றத்தில் குத்த வைத்து உட்கார்ந்து சாம்பல் போட்டுச் சட்டி தேய்த்துக்கொண்டிருக்கிறது. எந்த நாரில்? என் நாரில். என் ஹார்லிக்ஸ் பாட்டிலெல்லாம் அவள் வீட்டுத் திண்ணையில் வரிசையாக நிற்கிறது, பருப்பும் பயறுமாக. என் பால் கவர் அவள் கொடியில் ஆடுகிறது. அப்புறம் எழுந்து என் கற்பூரவல்லிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளை படம் எடுக்கிறது. "ஜெயசீலி அம்மா, இது மிகவும் அழகு" என்கிறது.

ஜெயசீலி அம்மா.

கவனித்தீங்களா? நான் ஆண்ட்டி. அவள் அம்மா.

அன்றைக்கு அவள் வீட்டுக் குப்பையையும் பிரீடா நிறுத்திருக்கிறாள். நூற்றிருபது கிராம். என்ன அது என்று கேட்டால் ஒரு கிழிந்த செருப்பாம். மறுநாள் அந்தச் செருப்பையும் கதவு அடிக்காமல் இருக்க வெட்டி வைத்துவிட்டாளாம், அதனால் சுத்தமாகச் சைபர். இது என்ன நியாயம் சொல்லுங்க. ஆடு வைத்திருக்கிறவளுக்குப் பழத்தோல் மிஞ்சுமா? கோழி வைத்திருக்கிறவளுக்குச் சோறு மிஞ்சுமா? இதில் அவள் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

இரண்டாவது வாரம் இன்னொரு செய்தி வந்தது. பிரீடா பாஸ்டரம்மாவிடம் கேட்டிருக்கிறாள், "நான் தங்கியிருக்கும் வீட்டைப் பற்றித்தான் பேச வேண்டுமா, பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசலாமா?" என்று. உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்களாம். என்ன ஒரு பதில் பாருங்க. ஆக, என் வீட்டில் தூங்கி, என் வீட்டில் சாப்பிட்டு, கடைசி நாள் அந்தப் பிள்ளை மேடையில் நின்று ஜெயசீலியைக் கூப்பிடும். நான் கீழே பாயில் உட்கார்ந்து கை தட்ட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டம். ஜெபக்குறிப்பு சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து, "எங்க குடும்பத்துல ஒரு சகோதரிக்குப் பேர் புகழ் ஆசை பிடிச்சிருக்கு. பேர் சொல்ல வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கா. ஆண்டவர் அவ கண்ணைத் திறக்கணும்" என்றேன். எல்லாரும் திரும்பி ஜெயசீலியைப் பார்த்தார்கள். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, "யாருக்கா அது, பாவம்?" என்று கேட்டாள். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரிதான் இருந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். நீங்க ஊர் பேர் தெரியாதவங்க, அதனால் சொல்கிறேன்.

நான் ஐந்து மணிக்கு எழுந்து பாட்டுப் பாடி, வசனம் வாசித்து, ஜெபம் பண்ணி முடிக்கும்போது ஐந்தே முக்கால் ஆகும். கிழக்கே வெளுத்திருக்கும். முக்காடுகூட எடுக்காமல் நேரே பின்கட்டுக்குப் போவேன். முந்தின நாள் சாயங்காலம் நிறுத்ததற்குப் பிறகு சேர்ந்த குப்பை, தட்டு, கப், பாட்டில், தோல், எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்திருப்பேன். சுவரோரம் நின்று கையைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடுவேன். அவள் குப்பையில் அது சேரும். என் எடை குறையும், அவள் எடை ஏறும். ஏறட்டுமே, ஒரு நாளாவது.

தப்புதான். தப்பு என்று தெரிந்ததால்தான் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஜெபம். "ஆண்டவரே, இந்தப் பை சத்தமில்லாம விழக் கிருபை செய்யும்." மனசுக்குள்ளே ஜெபிக்க எனக்கு வராது. வாய்விட்டுத்தான் வரும். போடுவேன், காது கொடுப்பேன். ஒரு சத்தம் வராது. பாட்டிலும் தேங்காய் ஓடும் கிடக்கிற பைம்மா. அந்தப் பக்கம் சிமெண்டுத் தரை. ஒரு டொக்கு என்ற சத்தம் வேண்டுமே? கிடையாது. பஞ்சு விழுகிற மாதிரி. ஆண்டவர் எவ்வளவு இரக்கமுள்ளவர் என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போய் அடுப்பைப் பற்ற வைப்பேன். இப்படிப் பத்து நாள்.

எடை மளமளவென்று இறங்கியது. ஒரு கிலோ. அரைக் கிலோ. இருநூறு கிராம். கடைசியில் அறுபது. "ஆண்ட்டி, மிகவும் நன்று. எப்படிச் செய்தீர்கள்?" என்று பிரீடா கேட்பாள். "எல்லாம் கிருபைம்மா" என்பேன்.

ஆனால் அந்தப் பக்கம் ஏறணுமே? ஏறவில்லை. சைபர், சைபர், முப்பது கிராம், சைபர். நான் போட்டதெல்லாம் எங்கே போகிறது என்று ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். காகிதக் கப்பில் கத்தரி நாற்று. தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர். மூடியில் ஓட்டை போட்டு இன்னொரு பாட்டிலைச் செடிக்குச் சொட்டுச் சொட்டாகக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். டிஷ்யூ அடுப்புப் பற்ற வைக்க. தோலெல்லாம் ஆட்டுக்கு. வம்புக்கென்று என் புது வாளி ஒன்றை உடைத்தேன், ஆமாம், நானேதான் உடைத்தேன், உடைத்துப் போட்டேன். சாயங்காலம் அதில் புதினா நட்டிருக்கிறாள். பிரீடா அதைச் சுற்றிச் சுற்றி நாற்பது படம் எடுக்கிறாள். நான் எதைக் கொண்டு அடித்தாலும் அது அவளுக்கு மாலையாகப் போய் விழுகிறது.

ஒரு நாள் குழாயடியில் ஜெயசீலி சொன்னாள், "அக்கா, எங்க வீட்டுல இப்பம் விடியக்காலம் மன்னா விழுது."

மன்னா என்றால் வேதத்தில் ஆண்டவர் தினமும் வானத்திலிருந்து போட்ட சாப்பாடு. "ஸ்தோத்திரம்" என்றேன். வேறென்ன சொல்ல?

"சேத்து வச்சா கெட்டுப்போகும்லா, அதான் அன்னன்னைக்கே தீத்திருதேன்" என்று சிரித்துக்கொண்டே குடத்தை இடுப்பில் வைத்துப் போனாள். அவள் எப்போதும் சிரிக்கிறவள்தானே, நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில். ஜெயசீலி கடைசியில், கதவுப் பக்கம், ஆட்டுக்குப் பிடுங்கின புல்லோடு. ஒவ்வொரு பிள்ளையாகப் பேசிவிட்டு அந்தந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட, ஒவ்வொருத்தியாகப் பொன்னாடையோடு இறங்கி வருகிறாள். நான் விரல் விட்டு எண்ணுகிறேன். ஒன்பதாவது பிரீடா.

திரையில் முதல் படம் போட்டாள். என்ன படம் தெரியுமா?

நான். விடியற்காலை. முக்காடு போட்டுக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, குப்பைப் பையைச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறேன். மயில் வருகிறது என்று விடியற்காலையில் ஜன்னலில் நின்று படம் எடுப்பது அவள் வழக்கம், அப்படி மாடியிலிருந்து எடுத்திருக்கிறாள். மயிலுக்குப் பதில் நான்.

அம்மா, அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கினாலும் பரவாயில்லை என்று இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். என் முகத்தை மட்டும்தான் பார்த்தேன், வேறு ஒன்றையும் அந்தப் படத்தில் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருஷம் வைத்த பூவெல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பிரீடா பேசுகிறாள். அந்தப் பள்ளிக்கூடத் தமிழில், நிறுத்தி நிறுத்தி. "நான் இரண்டு வீடுகளைப் படித்தேன் என்று நினைத்தேன். அது பிழை. ஆண்ட்டி ஒவ்வொரு நாளும் ஜெபம் முடிந்ததும், தன் வீட்டில் மிஞ்சியதைத் தன் தங்கைக்குச் சுவரின் மேலே கொடுக்கிறார். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் ஜெயசீலி அம்மாவிடம் கேட்டேன், இது என்ன என்று. அவர் சொன்னார், அக்கா எனக்குத் தருகிறார், பாகம் பிரித்த நாளிலிருந்தே இப்படித்தான், வீடுதான் இரண்டு, புழக்கம் ஒன்று. இந்த இரண்டு வீட்டிலிருந்தும் வெளியே போகும் குப்பை இப்போது ஒரு நாளைக்கு எழுபது கிராம். பதினோரு வீடுகளில் இதுவே மிகக் குறைவு."

கை தட்டினார்கள். நான் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துத் தட்டுகிறார்கள். பாஸ்டர் ஐயா எழுந்து நின்று தட்டுகிறார். "இரண்டு அம்மாக்களும் மேடைக்கு வர வேண்டும்" என்கிறாள் பிரீடா. அம்மாக்கள். என்னையும் சேர்த்து.

திரும்பிப் பார்த்தேன். ஜெயசீலி கதவோரம் நின்று கையை ஆட்டுகிறாள், நீங்க போங்க, நீங்க போங்க என்று. "ஆட்டுக்குத் தண்ணி வைக்கலக்கா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு, புல்லைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

நான் தனியாக ஏறினேன். பொன்னாடை போட்டார்கள். நான் ஜெபித்தது அப்படியே நடந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல். ஆனால் அந்தப் பொன்னாடை கழுத்தில் கம்பளி மாதிரி அரித்தது. பிரீடா என் காதருகே, "ஜெயசீலி அம்மா எங்கே?" என்று கேட்டாள். மேடையில் நிற்கும்போதும் அவளைத்தான் தேடுகிறது அந்தப் பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் நின்று கூப்பிட்டேன். "ஜெயசீலி, அந்தப் பிள்ளைகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்லணும்? நீங்க தந்திய, நான் வாங்குனேன்."

"நான் தந்தேனா?"

"பின்ன, பை தானா பறந்து வந்துச்சா?" சிரிக்கிறாள். "அக்கா, நாளைக்குக் கப்பு இருந்தா ரெண்டு கூடப் போடுங்க. தக்காளி நாத்துக்குக் காணல."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஊரில் ஒருத்தரிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டியிருப்பேன், அழுது ஜெபம் பண்ணி ஒப்புரவாகியிருப்போம், கணக்குச் சரியாகியிருக்கும். எங்க குடும்பத்தில் ஜெபிக்கிறவள் யார்? நான். உபவாசம் இருக்கிறவள் யார்? நான். மன்னிக்கிறது என்றால் அது என்னிடம் அல்லவா இருக்க வேண்டும்? அவள் வேதத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுவாள். அவளுக்கு எங்கிருந்து வந்தது அது? என் பாட்டிலை எடுத்தாள், என் நாரை எடுத்தாள், பிள்ளையை எடுத்தாள், கடைசியில் அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

இப்போது சபை முழுக்கத் தெரிந்துபோயிற்று அல்லவா, நிறுத்த முடியுமா? தினமும் ஐந்தே முக்காலுக்குப் போய்க் கொடுக்கிறேன். காகிதத் தட்டெல்லாம் வாங்குவதில்லை, அதனால் கொடுக்கவும் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. "என்னக்கா, இன்னைக்கு இவ்வளவுதானா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். அதற்காகத்தான் வழியில் கிடக்கிற பாட்டிலைக்கூட நான் விடுவதில்லை.

சரி, போட்டோவைக் காட்டுகிறேன். போன வாரம் தபாலில் வந்தது. ஒரே ஒரு பிரதிதான் அனுப்பியிருக்கிறாள். மேலே விலாசத்தில் இரண்டு பேர் பேரும். தபால்காரர் மாடி வீடு என்று என்னிடம் கொடுத்துவிட்டார். விரல் படாமல் பிடிங்க.

இதுதான் நான். கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இங்கே பாருங்க. சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க முருங்கை இலை. இலைக்கு நடுவில் என்ன தெரிகிறது? கை. இரண்டு கை. பைக்கு நேர் கீழே விரித்தபடி.

பிடிக்க நிற்கிறாள்.

அன்றைக்கு மட்டும்தானோ என்று யோசித்தேன். அப்புறம், பத்து நாளும் ஒரு சத்தம் கேட்கவில்லையே என்று யோசித்தேன். விடியற்காலம் எழுந்து ஆட்டைப் பார்க்க வந்து நிற்பாள், சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆட்டுக்கூடு. நான் வாய்விட்டுத்தான் ஜெபிப்பேன் என்று சொன்னேன் அல்லவா.

எங்க வீட்டுக்காரரிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "நல்லாப் படம் எடுத்திருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் திருநெல்வேலிக்குப் போகிறேன். சட்டம் போடுகிற கடையில் இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாமே, வேண்டாததை அழித்துக் கொடுப்பார்களாமே. அந்தக் கை இரண்டையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கூடத்தில் மாட்டப் போகிறது, நானும் சுவரும் பையும் இருந்தால் போதாதா? பார்க்கிறவர்கள் இது யார் கை, இது யார் கை என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம் அவள் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

என்ன சொன்னீங்க?

ஆமாம். நானும் பஸ் ஏறும்போது அதைத்தான் நினைத்தேன். கையை எடுத்துவிட்டால், ஒருத்தி விடியற்காலையில் அடுத்த வீட்டில் குப்பை கொட்டுகிற படமாகப் போகும்.

இருக்கட்டும். எடுக்க வேண்டாம். சட்டம் மட்டும் நல்லதாகப் போடச் சொல்கிறேன். முடிந்தால் இரண்டு பிரதி. அவள் வீட்டில் மாட்ட ஆணி உண்டோ என்னவோ.

திருநெல்வேலிப் பாலம் வந்துவிட்டது, நான் இறங்கணும். போட்டோவைக் கொடுங்க. அந்த பாட்டில், ஆமாம், மூடியோடு. வருகிறேன்மா, உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? நான் பட்டுச் சேலையோடு அத்தனை வாட்டி படத்துக்கு நின்றிருக்கிறேன், ஒன்றிலாவது முகம் சரியாக விழுந்ததில்லை. அவள் கை இரண்டை மட்டும்தான் காட்டினாள். எவ்வளவு லட்சணமாக விழுந்திருக்கிறது பாருங்க.